துணைப்பாடம்

படிவத்தில் ஒரு கட்டம்: துணைப்பாடமாக ஸ்பானிஷ் ஏன்?
இரண்டு வரிக்குத்தான் இடம்.
வேலைவாய்ப்பு, என்று எழுதினேன்.
முதன்மைப்பாடம் பால்பண்ணை அறிவியல்.
எங்கள் பண்ணையில் கறப்பவர்கள் நால்வரும் வெராக்ரூஸ்காரர்கள்.
ஆலோசகர் தலையாட்டிக் கையெழுத்திட்டார்.
பதினெட்டு கிரெடிட்.

எழுதாத காரணம் வேறு.
விடிகாலை நாலு மணிக்குக் கறவைக் கூடத்தில்
அவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.
நான் கதவைத் தள்ளியதும் சிரிப்பு நிற்கும்.
என் பதினோரு வயதிலிருந்து நிற்கிறது.
அது என்னைப் பற்றியதா என்று
தெரிந்தாக வேண்டும் எனக்கு.

மூன்று பருவம் முடிந்ததும் தெரிந்துவிட்டது.
டயர் விலை.
ஹிலாரியோவின் மச்சான் வாங்கிய ஓட்டை லாரி.
உதைப்பதற்கென்றே பிறந்த 4107-ஆம் எண் மாடு:
அதற்கு ஊர்ப் பாதிரியாரின் பெயர் வைத்திருந்தார்கள்.
நான் எங்குமே இல்லை அதில்.
கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பேராசிரியை இதுர்ரால்டே ஒருநாள்
வேண்டுமென்றே கோப்பையைத் தட்டிவிட்டார்.
செ மே கயோ, என்றார் சில்லுகளைப் பார்த்து.
"உடைத்தேன் என்று சொல்லாதீர்கள்.
விழுந்துவிட்டது. எனக்கு விழுந்துவிட்டது.
குற்றவாளி இல்லாத வாக்கியம்."
பின்வரிசை கோல்ட்டன் கேட்டான்,
காப்பீட்டுக்காரனிடம் இது செல்லுமா?
அந்தத் தேர்வில் எனக்கு பி மைனஸ்.
எல்லா வரியிலும் ஓர் ஆளை நுழைத்திருந்தேன்.

பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
கன்றுக் கொட்டிலின் கதவு
இரவெல்லாம் திறந்து கிடந்திருக்கிறது.
எலெயுதேரியோ, இருபத்திரண்டு, என் வயதுதான்,
கன்றின் காதில் உறைந்ததைக் கட்டைவிரலால் துடைத்தபடி
செ மே கெதோ அபியெர்தா லா புவெர்தா, என்றான்.
செ மே முரியோ லா பெசெர்ரா.
கதவு எனக்குத் திறந்தே இருந்துவிட்டது.
கன்று எனக்குச் செத்துப்போயிற்று.

"என்ன சொல்கிறான்?"
அப்பா.

தேர்வில் இதற்கு நாலு மதிப்பெண்.
என் தாய்மொழியிலோ கதவுக்கு ஓர் ஆள் வேண்டும்,
ஆள் இல்லாமல் அது அசையாது.
"கதவு திறந்திருந்ததாம்."
"தானாகத் திறக்குமா, கிரெட்டா?
யார் என்று கேள்."

கேட்டேன்.
கியென் என்று கேட்கப்
பதினைந்து கிரெடிட் தேவையில்லை, முதல் வாரப் பாடம்.
அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.
யோ, என்றான்.
அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
சம்பளத்தில் இருநூறு டாலர் கழிந்தது.
கழித்தது அப்பா.

மார்ச்சில், குழாய் கழுவும் நேரம்,
அவன் ஃபோனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.
பழக்கதோஷம், காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
ஒரு வினைச்சொல்கூடப் பிடிபடவில்லை.
ஐந்து பருவமும் ஒரு நொடியில் கழன்று விழுந்தது.
எனக்கு விழுந்தது.

"நவாட்ல்," என்றான், ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு.
"வீட்டில் அதுதான். ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் ஏறியது.
தப்பாகச் சொன்னால் வாத்தியார் கையை நீட்டச் சொல்வார்."
நீட்டிக் காட்டினான். ரப்பர் கையுறையில் சாணம்.
"உனக்கு மதிப்பெண் தருகிறார்களாமே?"

கன்று செத்ததை அம்மாவிடம்
எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.
சொன்னான். அதற்குள் பம்ப் ஓடத் தொடங்கிவிட்டது,
முன்பாதிதான் காதில் விழுந்தது.
திரும்பச் சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உள்ளிருந்து ஹிலாரியோ கத்தினார்,
"லா புவெர்தா! குளிர் அடிக்கிறது!"

திரும்பிப் பார்த்தேன்.
நான் வந்த கதவு.